பேரிடர் நிதி: யாரிடம் நம்பிக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து வருகிறேன். எங்கேனும் நிலம் நடுங்கினாலோ புயல் கரையைக் கடந்தாலோ மறுநாள் காலையிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அழைப்பவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. ஏமாந்துவிடுவோமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. பயம் ஜெயித்து ஒன்றும் கொடுக்காமலே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், தவிப்பு ஜெயித்து எவருக்கோ அனுப்பிவிட்டு வருந்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இழப்பு பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

அங்கே மக்கள் இடிபாடுகளுக்குள் கிடக்கிறார்கள். இந்த நேரத்தில் உட்கார்ந்து ஆராய்ந்துகொண்டிருப்பது சரியா?

சரிதான், ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில மணி நேரங்களில் இடிபாடுகளிலிருந்து பிறரை வெளியே இழுப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த ஊர்க்காரர்களும்தான். அடுத்து வரும் மீட்புக் குழுக்கள் உங்கள் பணம் வரட்டும் என்று காத்திருந்து புறப்படுவதில்லை. ஏற்கெனவே கையிருப்பில் உள்ள நிதியையும் கிடங்கில் உள்ள பொருள்களையும் கொண்டுதான் புறப்படுகின்றன. நீங்கள் இன்று அனுப்பும் தொகை பெரும்பாலும் அடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் செலவாகும்.

ஒரு நாள் என்று சொன்னது ஒரு மாதமாக நீண்டுவிடக் கூடாது. செய்தித் தலைப்புகள் மாறியதும் நன்கொடைகள் சட்டென்று வற்றிவிடுகின்றன. கூடாரத்தில் இருப்பவர்களுக்கோ அப்போதுதான் நீண்ட கஷ்டம் ஆரம்பமாகிறது. நாளை மாலைக்குள் முடிவு செய்துவிடுவேன் என்று உங்களுக்கே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொண்டு நிறுவனம் உண்மையானதுதானா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

முதலில் பதிவு. பல நாடுகளில் இதற்கென்று பொதுப் பதிவேடு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறநிறுவன ஆணையத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அறங்காவலர்களின் பெயர்கள், ஆண்டு வருமானம், செலவு எல்லாம் கிடைக்கும். அமெரிக்காவில் வரி விலக்குப் பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை 990 என்ற படிவத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்கின்றன. அதை எவரும் படிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஓர் ஆணையம் உண்டு. இந்தியாவில் தன்னார்வ அமைப்புகளுக்கு 'தர்ப்பண்' என்ற அரசு இணையதளம் இருக்கிறது.

நிறுவனம் அனுப்பும் இணைப்பை அழுத்திப் பதிவேட்டுக்குப் போகாதீர்கள். பதிவேட்டின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அங்கே பெயரைத் தேடுங்கள். கேள்விப்பட்ட பெயரைப் போலவே இருக்கும் வேறொரு பெயரை வைத்துக்கொள்வது மோசடிக்காரர்களின் மிகப் பழைய வழி. அதனால் பதிவு எண்ணும் முகவரியும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

பதிவு எண் இருக்கிறது, வரிச் சலுகை ரசீதும் தருகிறார்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதைத்தான் பதிவு சொல்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குப் பதிவு சாட்சி இல்லை. பிறந்த சான்றிதழை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

என் வேலையில் நான் மறக்காத ஒரு கோப்பு உண்டு. வெள்ள நிவாரணம் கொடுத்ததாக ஓர் அமைப்பு கணக்குக் காட்டியிருந்தது. பதிவு, முத்திரை, ரசீது எல்லாம் கச்சிதம். தார்ப்பாய் வாங்கிய ரசீதுகள் மூன்று வாரத் தேதிகளில் இருந்தன. தேதிகளை விட்டுவிட்டு எண்களை மட்டும் வரிசையாகப் பார்த்தேன்: 341, 342, 343, 344. மூன்று வாரமாக அந்தக் கடை வேறு ஒருவருக்கும் ஒரு ரசீதுகூடக் கொடுக்கவில்லையா? தார்ப்பாய் பெற்றுக்கொண்டவர்களின் பட்டியலை எடுத்தேன். நாற்பது கையெழுத்துகள், வெவ்வேறு பெயர்கள். எல்லாவற்றிலும் கடைசி எழுத்தின் சுழி ஒரே மாதிரி மேலே வளைந்திருந்தது. அன்று மாலை அந்தக் கோப்பை மூடிவிட்டு, தார்ப்பாய் கிடைக்காமல் மழையில் நின்ற அந்த நாற்பது வீட்டாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வவுச்சர்களைப் புரட்ட முடியாது. ஆனால் அவற்றைப் புரட்டும் வேலையை வெளியாள் ஒருவர் செய்திருக்கிறாரா என்று பார்க்க முடியும். தணிக்கை அறிக்கை என்பது அதுதான்.

தணிக்கை அறிக்கையைத் திறந்தால் வெறும் எண்களாக இருக்கிறது. எனக்குக் கணக்கு வராது. எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. அறிக்கை எந்த ஆண்டுடையது என்று முதலில் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு முந்தைய அறிக்கைதான் கடைசியாக இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து, கையெழுத்திட்ட தணிக்கையாளரின் கருத்து. பொதுவாக முதல் பக்கங்களிலேயே இருக்கும். 'இன்ன ஆவணம் எங்களுக்குக் காட்டப்படவில்லை', 'இன்ன தொகையை உறுதி செய்ய இயலவில்லை' போன்ற வரிகள் கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். தணிக்கையாளர்கள் அதிர்ந்து பேச மாட்டார்கள், எழுதுவதெல்லாம் மென்மையாகத்தான் இருக்கும். அந்த மென்மையான வரிதான் பெரும்பாலும் கடுமையான எச்சரிக்கை.

மூன்றாவதாக, கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்புகள். அறங்காவலர்களுக்கோ அவர்களின் உறவினர்களின் நிறுவனங்களுக்கோ கொடுத்த வாடகை, கடன், கட்டணம் அங்கே இருக்கும். சிறிய அளவில் இருந்தால் தவறில்லை. நிறுவனத்தின் செலவில் பாதி அறங்காவலரின் மைத்துனர் நடத்தும் கடைக்குப் போகிறது என்றால் அது நிவாரணம் இல்லை, குடும்பத் தொழில். இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் இருக்கலாம்? பத்துக்கு மேல் போனால் கொள்ளைதானே?

நான் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமெரிக்க அமைப்புகள் 2013-இல் சேர்ந்து ஒரு திறந்த மடல் எழுதின: நிர்வாகச் செலவின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்று. இத்தனைக்கும் அந்த அமைப்புகளின் மதிப்பீடுகளைப் பார்த்துத்தான் பலர் இந்தச் சதவீதத்தைத் தேடவே பழகினார்கள்.

கிடங்கில் அரிசி மூட்டைகளை எண்ணுபவர், லாரி ஓட்டுநர், யாருக்கு எது போனது என்று பதிவு செய்பவர், என்னைப் போல் வந்து குடைபவர் என எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இவர்களில் பலரின் சம்பளம் நிர்வாகச் செலவில்தான் சேரும். கணக்காளரே இல்லாத நிறுவனத்தில் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும், அங்கேதான் பணம் தொலைவதும் எளிது. 'நூறு சதவீதமும் நேரடியாக மக்களுக்கே' என்று விளம்பரம் செய்பவர்களிடம் நிர்வாகச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு புரவலர் தனியாக ஏற்றுக்கொள்கிறார் என்றால் அது நேர்மையான பதில். பதிலே இல்லையென்றால் ஏதோ மறைக்கப்படுகிறது.

ஆண்டுக்கு ஆண்டு திரட்டும் பணத்தில் பெரும்பகுதி மேலும் பணம் திரட்டுவதற்கே போகிறது என்றால் அது வேறு. அதை நானும் மன்னிக்க மாட்டேன்.

வாட்ஸ்ஆப்பில் வங்கிக் கணக்கு எண் வந்தது. அனுப்பியவர் எனக்கு இருபது வருடப் பழக்கம். நம்பலாமா?

அவரை நம்புங்கள். செய்தியை நம்பாதீர்கள். அவரும் அதை இன்னொருவரிடமிருந்து வாங்கித்தான் அனுப்பியிருப்பார், அந்த இன்னொருவரும் அப்படியே. நல்லவர்கள் நூறு பேர் கைமாற்றினாலும் முதல் ஆள் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அவரையே கூப்பிட்டு, 'நீங்கள் அனுப்பினீர்களா, எங்கே சரிபார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். பழக்கமானவர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2020 மார்ச்சில் இந்தியாவில் பிரதமர் பெயரிலான கொரோனா நிவாரண நிதி அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே ஒரு போலி யுபிஐ முகவரி சுற்றத் தொடங்கியது. உண்மையான முகவரியில் 'கேர்ஸ்' என்று முடியும் இடத்தில் போலியில் 'கேர்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து குறைவு, அவ்வளவுதான். 2005-இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோதும் நிவாரணம் என்ற பெயரில் இணையதளங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. அவற்றில் பல சந்தேகத்துக்குரியவை என்று அந்நாட்டு எஃப்பிஐ எச்சரிக்க வேண்டியிருந்தது.

கியூஆர் குறியீட்டுக்கும் இதே விதிதான். அது யாருடைய கணக்கு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்தபின் பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயர் ஒரு தனிநபருடையது என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தால் மனம் தாங்கவில்லை. இப்படியொரு படத்தைக்கூடவா பொய்யாகச் செய்வார்கள்?

செய்கிறார்கள். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி துருக்கியிலும் சிரியாவிலும் 50,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு படம் பரவியது. இடிபாடுகளின் நடுவே ஒரு தீயணைப்பு வீரர் குழந்தையைக் கட்டியணைத்து நிற்பார். அது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படம். வீரரின் வலது கையில் ஆறு விரல்கள் இருந்தன. அந்தப் படத்தை யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் உருவாக்கியிருக்கிறார். மோசடிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு நன்கொடை கேட்டார்கள்.

விரல்களை எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம் என்று இனி இருக்க முடியாது, அந்தக் கருவிகள் தேர்ந்துவிட்டன. பழைய பேரிடரின் உண்மையான படத்தைப் புதியது என்று போடுவதும் நடக்கிறது. அதைப் படத்தை வைத்துத் தேடும் வசதியால் கண்டுபிடிக்கலாம். படம் உங்களைத் தட்டி எழுப்பட்டும், பணம் எங்கே போக வேண்டும் என்பதைப் படம் முடிவு செய்ய வேண்டாம்.

தொலைபேசியில் கூப்பிட்டு, 'இப்போதே அனுப்பினால்தான் இன்றைய லாரியில் பொருள் போகும்' என்கிறார்கள்.

வைத்துவிடுங்கள். இன்று வாங்கும் நன்கொடையை நாளை வேண்டாம் என்று சொல்லும் நல்ல நிறுவனம் கிடையாது. கிரிப்டோ நாணயமாகவோ பரிசு அட்டை எண்ணாகவோ கேட்டாலும், கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைச் சொல்லச் சொன்னாலும் வேறு விசாரணையே தேவையில்லை.

உலகம் முழுக்கத் தெரிந்த பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பது பாதுகாப்பா, அந்த ஊரிலேயே இருக்கும் சிறிய அமைப்புக்குக் கொடுப்பது நல்லதா?

இரண்டுக்கும் வேலை வேறு. விமானத்தில் நடமாடும் மருத்துவமனையை இறக்குவது, குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகளைக் கொண்டு சேர்ப்பது, காலரா பரவாமல் தடுப்பது போன்றவற்றைப் பெரிய நிறுவனங்களால்தான் வேகமாகச் செய்ய முடியும். எந்தச் சந்தில் படுத்த படுக்கையான பாட்டி இருக்கிறார், எந்தக் குடும்பம் வெட்கப்பட்டு வரிசைக்கே வராது என்பதெல்லாம் உள்ளூர் அமைப்புக்குத்தான் தெரியும். வெளியாள்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய பின்னும் அங்கேயே இருக்கப்போவதும் அவர்கள்தான். 2016-இல் பெரிய கொடையாளர் நாடுகளும் உதவி நிறுவனங்களும், நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்குக் கூடியவரை நேரடியாகச் சேர்ப்போம் என்று ஓர் உடன்பாட்டில் ஒப்புக்கொண்டதற்குக் காரணமும் இதுதான். அந்த இலக்கை எட்ட இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

பெரிய பெயர் இருந்தால் பணம் தானாகவே நல்லபடி செலவாகிவிடாது. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 50 கோடி டாலர் திரட்டியது. அந்தப் பணத்தில் கட்டப்பட்ட நிரந்தர வீடுகள் ஆறுதான் என்று 2015-இல் புரோபப்ளிகா, என்பிஆர் என்ற இரு ஊடகங்கள் சேர்ந்து விசாரித்து எழுதின. பணம் மருத்துவம், குடிநீர், தற்காலிகத் தங்குமிடம், வீடு பழுதுபார்ப்பு எனப் பல வழிகளில் செலவானது என்றும், நிலத்தின் உரிமை யாருடையது என்பதில் இருந்த குழப்பமே வீடு கட்டத் தடையாக இருந்தது என்றும் சங்கம் பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நிலத்தின் சிக்கல் உள்ளூர்க்காரர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். அதனால் பெரிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும், அங்கே யாரோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கூட்டாளி அமைப்புகளின் பெயர்களைச் சொல்கிற நிறுவனத்தையே நான் விரும்புவேன்.

இந்தப் பேரிடருக்காகவே சில இளைஞர்கள் சேர்ந்து புதிதாக ஓர் அமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுக்குக் கொடுக்கலாமா?

மனம் நல்லது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சென்ற மாதம் வரை ஒரு ரூபாய்க்கும் கணக்கு எழுதிப் பழகாதவர்களிடம் திடீரென்று பெருந்தொகை சேர்ந்தால் நல்ல பிள்ளைகளே திணறிப்போவார்கள். பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில் சேரும், ரசீதுகள் தொலையும், பிறகு நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும். இப்படி உடைந்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பதிவு பெற்ற ஓர் அமைப்போடு சேர்ந்து, அதன் கணக்கில் பணம் வாங்கி, இவர்கள் களவேலை செய்யட்டும் என்று நீங்களே யோசனை சொல்லுங்கள். அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள்.

பெரிய நிறுவனம் ஒன்றைப் பற்றி அசிங்கமான செய்தி வந்தது. இனி அவர்களுக்கு ஒரு காசு கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

உங்கள் கோபம் நியாயமானது. 2018-இல் ஆக்ஸ்ஃபாம் பிரிட்டன் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் ஹைட்டி நிலநடுக்கப் பணியின்போது பாலியல் முறைகேடுகளில் ஈடுபட்டது வெளியே வந்தது. நிறுவனம் அதை முழுமையாக வெளிப்படுத்தவில்லை என்று இங்கிலாந்து, வேல்ஸ் அறநிறுவன ஆணையத்தின் விசாரணை அறிக்கை 2019-இல் கண்டித்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இதைக் கடந்துவிட நான் தயாராக இல்லை. நிவாரணம் தேடி வந்தவர்களிடம் அத்துமீறுவது, பணத்தைக் கையாடுவதைவிட மோசமானது.

ஆனால் ஒரு முறை செய்தி வந்த நிறுவனத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, செய்தியே வராத நிறுவனங்களை நல்லவை என்று எண்ணிக்கொள்வது தவறு. அங்கே புகார் சொல்ல வழியே இல்லாமல் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் யாரிடம், எந்த மொழியில், எப்படிப் புகார் கொடுக்கலாம், சென்ற ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்று வெளியிடும் நிறுவனம் தவற்றை எதிர்கொள்ளத் துணிந்த நிறுவனம். 'பூஜ்யம் புகார்கள்' என்ற வரி எனக்கு நிம்மதி தருவதில்லை.

பணம் கொடுத்தால்தானே திருடுவார்கள்? துணி, மருந்து, போர்வை என்று பொருளாகக் கொடுத்துவிட்டால்?

இதைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரியும். அதைக் கலைக்க வருத்தமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது மருந்துகளும் மருத்துவப் பொருள்களுமாகச் சுமார் 5,000 டன் வந்து குவிந்தது. அதில் உடனே பயன்படுத்தத் தக்கதாக இருந்தது ஏறக்குறைய 30 சதவீதம்தான். மற்றதெல்லாம் காலாவதியானவை, வேறு மொழியில் பெயர் எழுதியவை, தேவையே இல்லாதவை. காயப்பட்டவர்களைப் பார்க்க வேண்டியவர்கள் பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் உலகச் சுகாதார நிறுவனம் 1996-இல் மருந்து நன்கொடைக்கு விதிமுறை வெளியிட்டது: போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்க வேண்டும் என்றெல்லாம்.

பழைய துணியும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் கடற்கரையில் துணி மூட்டைகள் மலைபோல் குவிந்து மழையில் அழுகின. கடைசியில் அவற்றை எரிக்க வேண்டியதாயிற்று. களத்தில் இருப்பவர்கள் குறிப்பிட்டு ஒரு பொருளைக் கேட்டால், கேட்ட அளவில், புதிதாகக் கொடுங்கள். மற்றபடி பணம்தான் லாரி வாடகை இல்லாமலே போய்ச் சேரும். அங்கேயே வாங்கும்போது அந்த ஊர் வியாபாரிகளும் எழுந்து நிற்பார்கள்.

சில நிறுவனங்கள் மக்கள் கையில் ரொக்கமாகவே கொடுக்கிறார்களாம். வீணாக்கிவிட மாட்டார்களா?

வீடு இழந்த ஒரு தாய்க்குத் தன் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். பக்கத்தில் கடைகள் திறந்திருந்தால் ரொக்க உதவி மிக நல்ல வழி. கடைகளே அழிந்துபோன இடத்தில் பொருள்தான் வேண்டும். ஆகவே அந்த நிறுவனம் அங்குள்ள சந்தையின் நிலையைப் பார்த்து முடிவெடுத்ததா என்று மட்டும் கேளுங்கள்.

'இந்த நிலநடுக்கத்துக்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும்' என்று நிபந்தனை போட்டால் பணம் பத்திரமாக இருக்குமே?

நிபந்தனை போட உங்களுக்கு உரிமை உண்டு. நிபந்தனை போட்ட பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது தவறு, சில நாடுகளில் சட்டப்படியும் குற்றம். ஆனால் 2005 ஜனவரித் தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுனாமி தாக்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, எங்களால் அங்கே செய்யக்கூடிய பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனிச் சுனாமிக்கென்று அனுப்பாதீர்கள், பொது அவசர நிதிக்குக் கொடுங்கள் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடமும் பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று எழுதிக் கேட்டது. பெரும்பாலானோர் சம்மதித்தார்கள். பணம் குவியும் நேரத்தில் போதும் என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! என் மதிப்பில் எந்தத் தரச் சான்றிதழைவிடவும் பெரியது அது.

சுனாமி நிவாரணத்தை ஆராய்ந்த கூட்டு மதிப்பீட்டுக் குழு பிறகு ஒரு கணக்குச் சொன்னது. சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக 7,100 டாலர் வந்தது. அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர். கேமராக்கள் போகாத இடத்துக்குப் பணமும் போகவில்லை. நிறுவனத்தை நம்பித் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால், எங்கே அதிகம் தேவையோ அங்கே செலவு செய்யுங்கள் என்று விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்காக இணையத்தில் நிதி திரட்டுகிறார். இதில் பதிவும் தணிக்கையும் ஏது?

உண்மைதான், மேலே சொன்ன சோதனைகள் இதற்குப் பொருந்தாது. திரட்டுபவர் யார், பாதிக்கப்பட்டவருக்கு அவர் என்ன உறவு, பணம் யாருடைய கணக்கில் இறங்கும் என்ற மூன்றும் பக்கத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அவர்களை நேரில் அறிந்த ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கொடுங்கள். அறிமுகமே இல்லை என்றால் விட்டுவிடலாம். சில தளங்களில் நன்கொடையோடு தளத்துக்கென்று ஒரு தொகை தானாகச் சேர்ந்துவிடும். பணம் செலுத்தும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள், வேண்டாம் என்றால் அதைக் குறைக்க வழி இருக்கும்.

மத அமைப்புகள் நடத்தும் நிவாரணத்துக்குக் கொடுக்கலாமா? அவர்கள் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்கிறார்களே?

பேரிடர் களத்தில் மிக நன்றாக உழைப்பவர்களில் சமய அமைப்புகளும் உண்டு. 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் பிற தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பத்து நெறிகள் கொண்ட ஒரு நடத்தை விதியை ஏற்றன. இனம், மதம், நாடு பாராமல் தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும், அரசியல் அல்லது மதக் கருத்தைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முதன்மையானவை. அந்த அமைப்பு இதில் கையெழுத்திட்டிருக்கிறதா, பிற சமயத்தார் வாழும் பகுதிகளிலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கட்சி சார்ந்த அமைப்புக்கும் இதே கேள்விதான்.

கொடுத்தாயிற்று. இனி என் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்களா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே.

அந்தச் சொல் கொடுப்பவரின் பெருமையைப் பற்றியது, வாங்கிச் செலவழிப்பவரின் கணக்கைப் பற்றியது அல்ல. ஆறு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நல்ல நிறுவனத்துக்கு அது மகிழ்ச்சி, ஆறு மாதம் கழித்தும் ஒருவர் நினைவு வைத்திருக்கிறாரே என்று.

வரும் அறிக்கையில் 'ஆயிரக்கணக்கானோர் பயன்பெற்றனர்' என்று மட்டும் இருந்தால் மேலும் கேளுங்கள். தங்கும் முகாம்களுக்கு 'ஸ்பியர்' என்ற பெயரில் உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்கள் இருக்கின்றன: ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம். முகாமில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை என்று அறிக்கை சொன்னால் நீங்களே வகுத்துப் பார்க்கலாம். 60 பேருக்கு ஒரு கழிப்பறைதான் கட்ட முடிந்தது, காரணம் இது என்று வெளிப்படையாக எழுதும் அறிக்கையை நான் நம்புவேன்.

ஏமாந்துவிட்டேன். போலி என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், இந்த நிமிடமே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. பிறகு காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். திரைப் படங்கள், பரிவர்த்தனை எண், வந்த செய்தி எதையும் அழிக்காதீர்கள். எந்த நிறுவனத்தின் பெயரில் ஏமாற்றினார்களோ அந்த நிறுவனத்துக்கும் சொல்லுங்கள், மற்றவர்களை அவர்கள் எச்சரிப்பார்கள். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சிறு கட்டணம் மட்டும்' என்று சில நாளில் யாராவது கூப்பிட்டால் அதுவும் மோசடிதான். ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கைமாறுகின்றன.

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இரக்கம் இருந்ததால்தான் உங்களிடம் வந்தார்கள். அந்த வெட்கத்தால் அடுத்த முறை கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொல்கிறீர்கள். நீங்கள் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் நாங்களும் கொடுத்துவிடுவோமே.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னை நம்பிக் கொடுப்பீர்கள், அவர்களைப் பார்க்க மாட்டீர்கள். வாட்ஸ்ஆப் கேள்வியில் சொன்ன தவறேதான் அது. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பேரிடர் வரும்வரை காத்திருப்பதில்லை. அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து பார்த்து இரண்டு அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மாதந்தோறும் சிறிய தொகை இரண்டுக்கும் போகிறது, நிபந்தனை இல்லாமல். பேரிடர் வரும்போது அதோடு கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கிறேன், அவ்வளவுதான். அதனால் அந்த முதல் நாள் காலையில் எனக்குப் பதற்றம் இருப்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை இருவரின் அறிக்கைகளையும் மீண்டும் திறந்து பார்ப்பேன். சென்ற ஆண்டு சிறிய அமைப்பின் தணிக்கை அறிக்கை உரிய மாதத்தில் வரவில்லை. எழுதிக் கேட்டேன். கணக்காளர் திடீரென்று விலகிவிட்டதால் நான்கு மாத வவுச்சர்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறோம், அவற்றில் இரண்டு ரசீதுகள் இன்னும் கிடைக்கவில்லை, அதைத் தணிக்கையாளரிடமும் சொல்லிவிட்டோம் என்று மூன்றாம் நாளே பதில் வந்தது. அறிக்கை வந்தபோது அந்த இரண்டு ரசீதுகளும் தணிக்கையாளரின் குறிப்பில் இருந்தன. இந்த மாதத் தொகையையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.